மேடைக்குக் கீழே ஒரு தையற்கூடம்

உக்ரேனிய நடனம் என்றதும் கண்முன் வருவது சிவப்புப் பூட்ஸும், குத்துக்காலிட்டபடியே கால்களை மாற்றி மாற்றி வீசும் ஆண்களும்தான். அவர்கள் அணியும் தொளதொளக் கால்சட்டையில், இரண்டு கால்களும் சேரும் இடத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கும். அது இல்லாவிட்டால் முதல் துள்ளலிலேயே டர்ரென்று கிழிந்துவிடும். கனடாவின் எட்மன்டன் நகரில், ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் இதைக் காட்டித் தந்த பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அங்கே எல்லோருக்கும் அவர் ‘பாபா’, அதாவது பாட்டி.

மேற்குக் கனடாவுக்கு உக்ரேனியர் வரத் தொடங்கியது 1891இல். இன்றைய மேற்கு உக்ரேனின் கலீசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து வந்த விவசாயிகள் எட்மன்டனுக்குக் கிழக்கே காடு திருத்திக் கோதுமை விதைத்தார்கள். 2016 கணக்கெடுப்பின்படி கனடாவில் உக்ரேனிய வம்சாவளியினர் 13 லட்சத்துக்கும் மேல். எட்மன்டனில் 1959இல் தொடங்கிய ஷும்கா, 1969இல் தொடங்கிய செரமோஷ் ஆகியவை பேர்பெற்ற குழுக்கள். நான் போனது பிள்ளைகள் ஆடும் ஒரு சின்னக் குழுவின் தையற்கூடத்துக்கு. சம்பளம் யாருக்கும் கிடையாது. ஆடுகிறவர்களின் அம்மாக்களும் பாட்டிகளுமே தையற்காரர்கள். மேலே ஒத்திகையில் பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தால் கீழே குண்டூசி டப்பா அதிரும்.

சுவரோரம் வரிசையாக உடைகள் தொங்கின. ஒவ்வொரு கம்பியிலும் உக்ரேனின் ஒரு பகுதியின் பெயர்: பொல்தாவா, ஹுட்சுல், புக்கோவினா, வொலின். புக்கோவினாச் சட்டை ஒன்றைக் கையில் எடுத்தேன். மணிவேலையால் நல்ல கனம். அதற்குக் கீழே கட்டுவது உடம்போடு ஒட்டிச் சுற்றும் கம்பளித் துணி. அதைக் கட்டிக்கொண்டு எட்டி அடிவைக்க முடியாது. அதனால் ஒரு முனையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள், நம் ஊர்ப் பெண்கள் நடவுக்கு இறங்கும்போது சேலையைத் தூக்கிச் செருகுவதுபோல. பொல்தாவாவின் ‘பிளாஹ்தா’ வேறு மாதிரி. கட்டம் போட்ட இரண்டு நீளக் கம்பளித் துண்டுகளைப் பாதிவரை மூட்டிப் பின்பக்கமாகச் சுற்றுவார்கள். முன்பக்கத் திறப்பை ஏப்ரன் மறைக்கும். உடை மாற்றச் சில நிமிடமே கிடைக்கும் மேடையில் இதைச் சுற்றிக்கொண்டிருக்க நேரம் ஏது? இடுப்புப் பட்டியில் வைத்துத் தைத்துக் கொக்கி போட்டுவிடுகிறார்கள். வெல்குரோ வைக்கலாமே என்றேன். “பூவேலை நூலைப் பிடித்து இழுத்துவிடும். இருட்டில் பர்ரென்று சத்தம் வேறு” என்றார் பாபா.

பூவேலை செய்த சட்டைகளை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் துவைக்க முடியாது. வியர்வை நாற்றத்துக்கு என்ன செய்வது? வோட்காவில் தண்ணீர் கலந்து தெளிப்பார்களாம். தேவாலயத்துக்குள் அந்தப் பாட்டிலை எங்கே வைப்பது என்பதுதான் அவர்களுடைய ஒரே தர்மசங்கடம்.

இந்த ஆட்டம் இங்கே வந்த கதை தனி. வசில் வெர்ஹொவினெத்ஸ் என்பவர் கிராமங்களில் ஆட்டங்களைச் சேகரித்து, 1919இல் உக்ரேனிய நாட்டார் நடனக் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். 1935இல் லண்டன் நாட்டார் நடன விழாவில் கைதட்டல் வாங்கிய ‘ஹோபாக்’ என்ற துள்ளல் ஆட்டத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். 1938இல் சோவியத் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. அவரிடம் கற்ற வசில் அவ்ரமென்கோ, விடுதலைப் போரில் தோற்ற உக்ரேனியப் படையினரோடு போலந்தின் கலீஷ் முகாமில் அடைபட்டிருந்தார். அங்கேயே 1921இல் சிப்பாய்களுக்கு நடனம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1925இல் கனடாவுக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளி நடத்தினார். ஆக, இன்று நாம் காணும் ஹோபாக் களத்துமேட்டிலிருந்து நேராக வந்ததல்ல. மேடைக்கென்று கோத்துக் கட்டியது. அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறைசொல்ல ஒருவர் அங்கே இருந்தார். 2022க்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஏறத்தாழ 3 லட்சம் உக்ரேனியரில் ஒருவர். பொல்தாவாப் பக்கத்தில் தையல் வேலை செய்தவர். “எங்கள் ஊரில் யார் இப்படிப் பளபளக்கிற சாட்டினில் கால்சட்டை போட்டார்கள்?” என்று வந்த புதிதிலேயே கேட்டுவிட்டாராம். சோவியத் மேடையின் இந்தப் பகட்டு உக்ரேனில் இளையவர்களுக்கு இப்போது அலுத்துவிட்டது. கீவில் இவான் ஹொன்சார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய சட்டைகளைப் பார்த்துத் தைக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பாபாவோ, “கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கண்ணில் பட வேண்டாமா?” என்பார்.

கால்சட்டை விஷயத்தில் நான் பாபா பக்கம். ஆட்டமே மேடைக்காகச் செய்தது என்றான பிறகு, கால்சட்டை மட்டும் கிராமத்தில் நெய்ததாக ஏன் இருக்க வேண்டும்? ஆனால் சட்டை வேறு. ஆதிகாலத்து என்று பலர் நம்புகிற சிவப்பு-கறுப்பு ரோஜாக் குறுக்குத்தையலைப் பெருமளவு பரப்பியது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ப்ரோக்கார் என்ற மாஸ்கோ சோப்புக் கம்பெனி சோப்போடு இலவசமாகக் கொடுத்த மாதிரித் தாள்கள். பொல்தாவாவின் ரெஷெதிலிவ்கா ஊர் பேர்பெற்றது வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் வேலைக்கு. அந்தக் கூடத்தில் பொல்தாவாக் கம்பியில் தொங்கிய சட்டைகளிலோ சிவப்பு ரோஜாதான்.

புதிதாக வந்தவர் சண்டை போடவில்லை. ஒரு சட்டையை எடுத்து, அதன் கைப்பகுதியில் ஒட்டுப்போட்டிருந்த சிவப்பு ரோஜா நாடாவைப் பிரித்தார். தோளுக்குக் கீழே வெள்ளை நூலால் இலையும் கொடியுமாக நிரப்பினார். இழைகளை உருவியெடுத்துச் சின்னச் சின்ன ஓட்டைகளாக்கி, ஓரத்தை ஊசியால் இறுக்கிக் கட்டினார். பக்கத்தில் போனால் அசந்துபோகும் வேலை. நாலடி தள்ளி நின்றால் வெறும் வெள்ளைச் சட்டை. பாபா அந்த நாலடியைத் தாமே அளந்து நடந்து காட்டினார்.

பேச்சு நீண்டது. இடையிடையே வெளிர் சாம்பல் நூல் சேர்க்கலாம், அதுவும் பொல்தாவா வழக்கம்தான் என்று ஒருவர் யோசனை சொன்னார். பூவேலை புடைத்துத் தெரியும்படி பக்கவாட்டில் விளக்கு வைக்கலாம் என்றார் இன்னொருவர். சனிக்கிழமை மேடை ஒத்திகையில் அந்த ஒரு சட்டையைப் போட்டு ஒரு பெண்ணை நிறுத்திப் பார்ப்பதாக முடிவாயிற்று. அதுவரை மற்றச் சட்டைகளின் சிவப்பு நாடாவை யாரும் பிரிக்கக் கூடாது என்று சொல்லி, கத்தரிக்கோலை வாங்கித் தம் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார் பாபா.