எங்கள் வீட்டுக் கொல்லையும் ஒன்பது குடம் தண்ணீரும்



நம் சுவர் இதழில் மரம் வளர்ப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மரத்துக்கு யார் தண்ணி ஊத்துவது என்று ஒருத்தரும் எழுதவில்லை. நான் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லை 30 அடி நீளம், 20 அடி அகலம். முட்டி வலி வரும்வரை அது அப்பத்தாவின் ராஜ்ஜியம். ரோஜா, கனகாம்பரம், குரோட்டன்ஸ் என்று 18 செடிகள் இருந்தன. போன வருசம் அப்பத்தாவால் குனியவே முடியாமல் போய்விட்டது. அம்மா காலையில் களை எடுக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாங்க. அதனால் கொல்லை வேலை என்னிடம் வந்தது. தம்பியிடம் ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். பதில் உங்களுக்கே தெரியும்.

ஒரு செடிக்கு அரைக் குடம் என்றால் 18 செடிக்கு 9 குடம். தெருக்குழாயில் பிடித்துக் கொல்லையில் ஊற்றிவிட்டு வர ஒரு நடைக்கு 5 நிமிசம். 9 நடைக்கு 45 நிமிசம். அப்புறம் சருகு கூட்டணும், புல் பறிக்கணும். வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது கண் சொக்கும். அடுத்த வருசம் எனக்குப் பத்தாம் வகுப்பு.

இதைப் பார்த்த அப்பா, "பேசாம சிமெண்டு போட்டுருவோம். ஒரு தொல்லையும் இல்ல" என்றார். கொத்தனார் மாமா வந்து அளந்து 36,000 ரூபாய் ஆகும் என்றார். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. சிமெண்டு போட்டால் எனக்கு 45 நிமிசம் கிடைக்கும். ஆனால் அந்தத் தரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் சூட்டைக் கக்கும். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்படியிருக்க, இருக்கிற மண்ணையும் நாமே மூடலாமா?

"தை வரைக்கும் தவணை குடுங்கப்பா" என்று கேட்டேன். "சரித்தா. தைக்கு மேல பேச்சே கிடையாது" என்றார் அப்பா.

அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கிராஃப் தாளில் கொல்லையை வரைந்தேன். அப்பத்தா சொன்ன விதி ஒன்றுதான். "தண்ணி தானா எங்க போகுதோ, தண்ணி கேக்குற செடிய அங்க வையி. மத்த எடத்துல தண்ணி கேக்காதத வையி."

அதன்படி, பாத்திரம் கழுவும் தண்ணி போகிற வழியில் இரண்டு வாழையும் கல்வாழையும் வைத்தோம். அரிசி கழுவிய தண்ணி ஊற்றுகிற இடத்தில் கறிவேப்பிலையும் அம்மாவின் மல்லிகையும். பப்பாளிக்கு வேரில் தண்ணி தேங்கினால் அழுகிவிடும், அதனால் மேட்டில் வைத்தோம். முருங்கைப் போத்தைக் கடைசி மூலையில் ஊன்றினோம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், காற்றடித்தால் கிளை ஒடியும். வீட்டை ஒட்டி வைக்கக் கூடாது. வேலிக்குக் கிளுவைப் போத்து. அதில் பிரண்டையும் தூதுவளையும் ஏற்றிவிட்டோம். ஆடு நுழையும் பக்கத்தில் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்று பேரிலேயே இருக்கிறதே!

வேப்பஞ்சருகை இப்போது எரிப்பதில்லை. தேங்காய் மட்டையோடு சேர்த்துச் செடியைச் சுற்றிப் பரப்பிவிடுகிறோம். ஈரம் காயாது, புல்லும் அவ்வளவாக முளைக்காது. கறையான் வரும் என்பதால் வீட்டுச் சுவர் ஓரம் மட்டும் போடுவதில்லை.

கொட்டகைத் தகரத்திலிருந்து மழைத்தண்ணி விழும் இடத்தில் 3 அடி ஆழக் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் மணலும் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் தகரம் 20 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர். எங்கள் குடம் 15 லிட்டர் பிடிக்கும். அப்படியென்றால் 13 குடத்துக்கு மேல் தண்ணி நான் தூக்காமலே மண்ணுக்குள் போகிறது!

ஆவணிக் கடைசியில் நட்டோம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோஜாச் செடிகளை எல்லாம் போர் இருக்கிற அத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அதில் அப்பத்தாவுக்கு வருத்தம்தான். ஒரே ஒரு கனகாம்பரத்தை மட்டும் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டாங்க.

இப்போது மாசி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 குடம் போதும். 10 நிமிச வேலை. சனி, ஞாயிறு அதைத் தம்பி ஊற்ற வேண்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். தைப் பொங்கல் முடிந்ததும் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொத்தனார் மாமாவுக்குப் போன் போட்டு "இப்பதைக்கு வேணாம்பா" என்றார். இப்பதைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார். சித்திரை வெயில்தான் எங்கள் கொல்லைக்கு முழு ஆண்டுத் தேர்வு.

வேலையே வைக்காத தோட்டம் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒரு ஆளை மட்டுமே வாட்டாத தோட்டம் போட முடியும். அதனால் தோழர்களே, செடி நடும் முன்னால் எத்தனை குடம், எத்தனை நடை, யார் இடுப்பு என்று கணக்குப் போட்டுவிட்டு நடுங்கள்.

பிரண்டைத் துண்டு வேண்டும் என்பவர்கள் சத்துணவு மணி அடித்ததும் என்னிடம் கேளுங்கள். வேலியில் நிறைய இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி