அத்திபெலேயின் காற்றும் ஒரு மடிப்பு வடிகட்டியும்

ஓசூரைத் தாண்டி 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரு நோக்கிச் செல்வோர் கர்நாடக எல்லையைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் அத்திபெலே. அங்குள்ள சுங்கச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து செல்லும் காருக்குள் வரும் காற்றைச் சலிப்பது, பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு மடிப்பு வடிகட்டியே. அதை மாற்ற மெக்கானிக் வேண்டியதில்லை. பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழையதைச் சாய்க்காமல் மெல்ல உருவவேண்டும்; சாய்த்தால் சருகும் புழுதியும் காற்றாடிக்குள் விழும். புதியதன் அம்புக்குறி காற்றோட்டத் திசையைக் காட்டவேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

எனினும் துகளைத் தடுக்கும் வடிகட்டி வாயுவைத் தடுப்பதில்லை. கரி சேர்த்த வகை நாற்றத்தையும் சில வாயுக்களையும் ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடோ இரண்டையும் கடந்துவிடும். விற்பனைப் பெட்டியின் மேல் இந்த வேறுபாடு அரிதாகவே விளங்கும். உட்காற்றைச் சுழலவிட்டால் வெளிப்புகை குறையும். ஆனால் பயணிகளின் மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கி, ஓட்டுநருக்கு அயர்வைத் தரும். ஆகவே நெரிசலில் மட்டும் அடைத்து, சாவடி கடந்ததும் வெளிக்காற்றைத் திறந்துவிடுதல் தகும்.

பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியா வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. அந்த 35-இன் இடைவெளியைத்தான், கண்ணாடி ஏற்றிய காருக்கு வெளியே இருசக்கர வாகனத்தில் நிற்பவர் நேரடியாகச் சுவாசிக்கிறார்.