கடலுக்குள் காற்றாலையை எப்படி நடுகிறார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

கற்பிட்டி வீதியால் போகிறவர்களுக்கு நுரைச்சோலைப் பக்கத்தில் இரண்டு காட்சிகளும் கிடைக்கும். ஒன்று நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கி, மற்றது கரையோரக் காற்றாலைகள். தரம் 12 பிள்ளைகளோடு அவ்வழியே போனபோது பஸ்ஸில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வெளிநாட்டில கடலுக்குள்ளயும் இது இருக்காமே. அத எப்படி நடுற? கீழ தண்ணிதானே?" கூட இருந்ததுகள் சிரித்தன. ஆனால் அந்தத் துறையில் இருக்கும் பெரிய பெரிய பொறியியலாளர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். அதனால் வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேடி வாசித்தோம்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் டொலர் வேண்டும். காற்றுக்கு டொலர் வேண்டாம். ஆனால் காற்றைப் பிடிக்கும் கோபுரத்தை நடுவதற்கு வேண்டும். கடலுக்குள் நடுவதென்றால் அது பல மடங்கு.

உலகின் முதலாவது கடல் காற்றாலைப் பண்ணை 1991 இல் டென்மார்க்கின் விண்டபி என்ற இடத்தில் வந்தது. 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவோட். கரைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த கடல். கொங்கிரீட்டில் பாரமான அடித்தளம் செய்து கடலடியில் இருத்திவிட்டார்கள், அவ்வளவுதான். கரையை விட்டுத் தூரப் போகப் போகத்தான் பிரச்சினை தொடங்கியது.

இப்போது மிக அதிகமாகப் பாவிப்பது ஒற்றைக் குழாய் முறை. தடித்த உருக்குத் தகட்டை வளைத்து ஒட்டிய ஒரு பாரிய குழாயைக் கப்பலில் கொண்டுபோய், நிமிர்த்தி, மேலே பெரிய சுத்தியலால் அடித்து அடித்துக் கடலடிக்குள் இறக்குகிறார்கள். பிரித்தானியாவின் ஹோர்ன்சீ ஒன்று என்ற பண்ணையில் 174 காற்றாலைகளும் இப்படித்தான் நிற்கின்றன. அங்கே குழாயின் விட்டம் சுமார் 8 மீற்றர். எமது பாடசாலை வகுப்பறை ஒன்றை உள்ளே வைக்கலாம்.

இவ்வளவு பெரிது எதற்கு? காற்று தள்ளுவது உச்சியில், பிடித்துக்கொண்டு நிற்பது அடியில். நீளமான கம்பின் நுனியைப் பிடித்து ஆட்டினால் அடியில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். குழாயின் வளையாத தன்மை விட்டத்தின் மும்மடிக்கு விகிதசமமாகக் கூடும். தகட்டின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இரு மடங்காக்கினால் உருக்கு இரு மடங்குதான் கூடும், வளையாத தன்மையோ எட்டு மடங்கு. ஆகவே விட்டத்தைக் கூட்டுவதுதான் இலாபம். ஆனால் அப்படிக் கூட்டிக் கூட்டி, இப்போது 2000 தொன்னையும் தாண்டும் குழாய்கள் வந்துவிட்டன. அதைத் தூக்கக்கூடிய கப்பல்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அவற்றின் ஒரு நாள் வாடகை இலட்சம் டொலரைத் தாண்டும். அலை உயர்ந்தால் வேலை நிற்கும், வாடகை நிற்காது.

இன்னொரு கதையும் உண்டு. அந்தக் குழாய்க்கு மேல் இன்னொரு குழாயைத் தொப்பி மாதிரிப் போட்டு, இடைவெளியில் சீமெந்துக் கலவையை ஊற்றி ஒட்டவைப்பது வழக்கம். 2009, 2010 காலப்பகுதியில் பார்த்தால், வட கடலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளில் அந்த ஒட்டு விட்டுப்போய் மேல் குழாய் மெல்ல மெல்லக் கீழே வழுக்கியிருந்தது. பிறகு இணைப்பைக் கூம்பு வடிவமாக்கினார்கள். சிலர் அந்தத் தொப்பியையே விட்டுவிட்டு, கோபுரத்தை நேரே குழாயில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். உருக்கும் மிச்சம், கப்பல் நாளும் மிச்சம். எங்கள் பார்வையில், செலவைக் குறைத்தவற்றில் இதுதான் மிகப் புத்தியான வேலை. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, இருந்த ஒரு துண்டை எடுத்தார்கள்.

சுத்தியல் சத்தம் வேறு. தண்ணீரில் ஒலி வெகுதூரம் போகும். கடற்பன்றி போன்ற உயிரினங்கள் ஒலியை நம்பி வாழ்பவை. ஜேர்மனியில் 750 மீற்றர் தூரத்தில் 160 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம். அதற்காகத் துளையிட்ட குழாயைச் சுற்றிவரப் போட்டு, காற்றை அடித்து, குமிழித் திரை ஒன்றை எழுப்புகிறார்கள். அதற்கும் ஒரு கப்பல், அதற்கும் செலவு. அடிக்காமல் அதிர வைத்தே குழாயை இறக்கும் முறையை 2022 இல் அதே நாட்டின் கஸ்காசி பண்ணையில் பாவித்தார்கள்.

எமக்கு மிகவும் பிடித்தது உறிஞ்சு வாளி. ஒரு பாரிய உருக்கு வாளியைக் கவிழ்த்துக் கடலடியில் வைக்கிறார்கள். அதன் பாரத்தில் விளிம்பு கொஞ்சம் மண்ணில் புதையும். பிறகு உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்பினால் வெளியே இழுக்கிறார்கள். உள்ளே அமுக்கம் குறைய, வெளியே உள்ள கடல் வாளியைக் கீழே தள்ளுகிறது. 8 மீற்றர் விட்டமுள்ள வாளியின் மூடிப் பரப்பு சுமார் 50 சதுர மீற்றர். அமுக்க வித்தியாசம் 100 கிலோபஸ்கால் என்று வைத்தால், விசை 5000 கிலோநியூட்டன், அதாவது 500 தொன்னுக்குக் கிட்டிய பாரம். சுத்தியலும் இல்லை, சத்தமும் இல்லை. 2018 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் குடாவில் 11 காற்றாலைகள் இப்படி நிறுத்தப்பட்டன. பாறையில் இது சரிவராது, மணலும் களியும் வேண்டும்.

கொங்கிரீட்டும் திரும்பி வந்திருக்கிறது. 2017 இல் இங்கிலாந்தின் பிளைத் கரைக்கப்பால் ஐந்து அடித்தளங்களைத் துறையிலேயே கட்டி, மிதக்கவிட்டு, இழுவைப் படகால் இழுத்துப்போய், உரிய இடத்தில் தண்ணீரும் மணலும் நிரப்பி அமிழ்த்தினார்கள். தூக்கும் இராட்சதக் கப்பல் தேவைப்படவில்லை. எங்களைப் போன்ற நாட்டுக்கு இது யோசிக்கத்தக்கது. பெரிய உருக்குத் தகட்டுக்கு நாம் வெளியே கையேந்த வேண்டும், கொங்கிரீட் வேலை தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இதெல்லாம் சும்மா தொழில்நுட்ப ஆசையல்ல. 2023 இல் உருக்கு விலையும் வட்டியும் ஏறியபோது, வட்டன்ஃபோல் என்ற சுவீடன் கம்பனி இங்கிலாந்துக்கு அப்பால் ஒரு பெரிய பண்ணை வேலையையே நிறுத்தியது. அதே ஆண்டு பிரித்தானிய அரசின் ஏலத்துக்குக் கடல் காற்றாலைக்கென்று ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பணக்கார நாட்டுக்கே இந்த நிலை.

எமது கடலுக்கும் இது வரலாம். உலக வங்கி 2023 இல் இலங்கைக்கென்று கடல் காற்று மின்சார வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மன்னார்ப் பக்கத்து ஆழமற்ற கடல் எல்லோர் கண்ணிலும் படும். அங்கே வலை வீசுகிற வாப்பாமார் கேட்கப்போவது வேறு கேள்விகள். அடிக்கிற காலத்தில் மீன் எங்கே போகும்? கம்பிவடம் போகும் வழியில் வலை போடலாமா? 25 வருடம் கழித்து இதை யார் பிடுங்குவது?

கடைசிக் கேள்வி லேசானதல்ல. விண்டபியை 2017 இல் கழற்றியபோது கொங்கிரீட்டை அந்த இடத்திலேயே உடைத்துத்தான் அள்ளினார்கள். அடித்து இறக்கிய குழாயைப் பெரும்பாலும் கடலடிக்குக் கீழே வெட்டி, மிச்சத்தை மண்ணுக்குள் விட்டுவிடுகிறார்கள். உறிஞ்சு வாளிக்கோ, தண்ணீரை உள்ளே பம்ப் பண்ணினால் அது மேலே எழும்பி வரும். இங்கே ஒரு கேள்விப்பத்திரம் வரும் நாளில், அடித்தளத்தின் விலைக்குப் பக்கத்தில் அதைக் கழற்றும் விலையும் எழுதியிருக்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்ப்போம்.

தரம் 12 பிள்ளைகளே, வாளியின் விட்டம் 10 மீற்றர் என்றால் விசை எவ்வளவு? விடையைக் கீழே எழுதுங்கள், செய்கை வழியோடு.