ஆற்றின் படிகள்

சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் நின்று கோடையில் காண்போருக்கு அடையாறு மெலிந்ததோர் ஓடையாகவே தோன்றும். அதன் வரலாறோ மிக நீண்டது.

பருவமழை மிகுந்தும் குறைந்தும், கடல் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்த காலங்களில் ஆறுகள் தம் படுகையை ஒருகால் வண்டலால் நிரப்பின. ஒருகால் ஆழமாக அகழ்ந்தன. அகழ்ந்தபோது பழைய படுகை இருமருங்கும் படித்தளமாக எஞ்சியது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

சென்னைக்கு வடமேற்கே, கொசத்தலையாற்றுப் படித்தளங்களை ஆராய்ந்த டி டெர்ராவும் பேட்டர்சனும் தம் முடிவுகளை 1939இல் வெளியிட்டனர். அப்பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டுகள் பழமையான கற்கருவிகளை வண்டல் அடுக்குகள் காத்து வைத்திருந்தன.

இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் நிகழ்த்திய மாற்றத்தை மனிதர் ஒரு தலைமுறைக்குள் நிகழ்த்தினர். 1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. அடையாற்றின் வெள்ளச் சமவெளியிலும் வீடுகள் பெருகின. அச்சமவெளியே ஆற்றின் கீழ்ப்படி. ஆறு அதனை இன்னும் கைவிடவில்லை. 2015 டிசம்பரில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் இதனை உணர்த்தியது.

மேற்படி ஆறு விட்டுச்சென்ற இடம். கீழ்ப்படி அது திரும்பி வரும் இடம். இவ்வேறுபாட்டை அறிந்து ஊரமைப்பதே வரும் தலைமுறைக்குப் பாதுகாப்பாகும்.