அடுத்த பகுதி எப்போது?

“அடுத்த பகுதி எப்போது?” என்ற கேள்வி எழுதுபவனை மயக்குவது போல வேறெந்தப் புகழுரையும் மயக்குவதில்லை. மலையகப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் நாம், 2023இல் இணையத்தில் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினோம். அதனால் அடைந்த மகிழ்ச்சியையும் அதிலே இழைத்த தவறையும் இங்கு கூறவேண்டியிருக்கிறது. மகிழ்ச்சியைக் கூறுவது எளிது. தவறுதான், எம்மைப் போல் எழுத முனையும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்படக்கூடியது.

பேராதனையிலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற காலத்தில், நாவல் என்றால் அட்டை கட்டிய நூல் என்பதே எமது எண்ணம். அவ்வெண்ணத்தை 2022ஆம் ஆண்டின் நெருக்கடி தகர்த்தது. காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட காலம் அது. எமது கையெழுத்துப் பிரதிக்கு அச்சகத்தார் கூறிய தொகை எமது பல மாதச் சம்பளம். அச்சிட்டாலும் என்ன? முந்நூறு பிரதியிற் பாதியை நண்பருக்கு இனாமாகக் கொடுத்து, மீதியைக் கட்டிலின் கீழே அடுக்கி வைப்பது இந்நாட்டு எழுத்தாளர் பலருக்கும் பழகிப்போன அனுபவம். சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ முதலிற் பத்திரிகைத் தொடராகவே வந்தது. நூலாகக் கைக்குக் கிடைத்தது 1981இலேதான். அவருக்கே அந்நிலை என்றால் எம்போன்றோர் எம்மட்டு?

ஆகவே இணையத்தை நாடினோம். 2006இல் ரொறன்ரோவில் தொடங்கிய வாட்பேட், 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களிலே தமிழிலும் தொடர்கதைகள் நாள்தோறும் வெளிவருகின்றன. பதிப்பாளனின் தயவு வேண்டியதில்லை, காகிதம் வேண்டியதில்லை. இல்லத்தரசியும் தாதியும் மாணவியும் இரவிலே ஓர் அத்தியாயத்தை எழுதி, காலையிலே உலகுக்குக் கொடுத்துவிடுகின்றனர். நூல் வாங்க வசதியற்ற லயத்துப் பிள்ளை, தாயின் கைத்தொலைபேசியிலே அதைப் படிக்கிறாள். எழுத்தும் வாசிப்பும் ஒரு சிலரின் உடைமையாயிருந்த நிலைமை இதனால் ஓரளவேனும் உடைந்திருக்கிறது. இதனை மலிவான பொழுதுபோக்கென்று பண்டிதத் தோரணையில் ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம்.

ஆயினும் ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் ஓர் எண் நிற்கிறது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் நட்சத்திரமிட்டார்கள் என்ற கணக்கு அது. அந்த எண்ணுக்குச் சந்தையிலே விலையுண்டு. 2021இல் தென்கொரிய நிறுவனமாகிய நேவர், வாட்பேட்டை 60 கோடி டொலர் அளவிலான விலைக்கு வாங்கியது. அங்கே எழுதுவோரிற் பெரும்பாலோர் ஊதியமின்றியே எழுதுகின்றனர். ஆயினும் அவர்கள் எழுத்தால் திரண்ட வாசகர் கூட்டம் விற்பனைப் பொருளாகிவிட்டது. உழைப்பவன் ஒருவன், பலனடைபவன் இன்னொருவன் என்பது தேயிலை மலையிலே வாழும் எமக்குப் புதிய பாடமன்று.

எமது கதையின் நாயகி பதினேழு வயதுப் பெண். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திற் சித்தியடையாது, வீட்டுக் கடனுக்காகக் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போகிறாள். முதற் பத்துப் பகுதிகளையும் பகுதிக்கு இருநூறு பேர் வரையிற் படித்தனர். பதினோராம் பகுதியிலே, பேருந்திலே அவளுக்கு இடங்கொடுத்த பெரிய கிளாக்கரின் மகனைப் பற்றி நாலு வரி எழுதினோம். அவ்வளவுதான்! “அவர்களைச் சேர்த்துவையுங்கள்” என்று கடிதங்கள் குவிந்தன. நாமும் இளைஞனை மீண்டும் கொண்டுவந்தோம். எண் ஆயிரத்தைத் தாண்டியது. பாடவேளைகளுக்கிடையே ஆசிரியர் அறையிலே அந்த எண்ணைப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று. இருபத்திரண்டாம் பகுதியிலே திருமணத்தை முடித்துவைத்தோம். அன்று மூவாயிரம் பேர்.

தொடர்கதையாசிரியனுக்கு இச்சோதனை புதிதன்று. 1840–41இல் டிக்கன்ஸ் ‘பழம்பொருட் கடை’யை வாரந்தோறும் எழுதியபோது, சிறுமி நெல்லைச் சாகவிடாதீர் என வாசகர் கடிதங்களால் மன்றாடினர், அவர் இணங்கவில்லை. ஆனால் 1861இலே, ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ நாவலின் துயரமான முடிவை ஒரு நண்பரின் ஆலோசனைப்படி மாற்றினார். முதலில் எழுதிய முடிவை அவர் மறைந்த பின்னரே உலகம் அறிந்தது. மேதைக்கும் நேர்ந்ததே என்று நாம் ஆறுதலடைந்திருக்கலாம். ஆறுதலடைய விடாமல் ஒரு செய்தி வந்தது.

நள்ளிரவு கடந்து, வேலைமுறை முடிந்த பின் எழுதியிருந்தாள் எமது பழைய மாணவி. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலே ஆடைத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிபவள்.

“சேர், கதையில அவளக் கூட்டிட்டுப் போக கிளாக்கர் மகன் வந்துட்டான். எங்க லயத்துல இருந்து வந்த ஆறு பேருக்கும் யாரும் வரல. நாங்களே உழைச்சுத்தான் வீட்டுக் கடனக் கட்டுறோம். அத எழுத மாட்டீங்களா சேர்?”

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. அவள் பாடசாலையை விட்டு விலகியபோது, வரவுப் பதிவேட்டிலே அவளுடைய பெயரைச் சிவப்பு மையினாற் கோடிட்டவர் நாமே. பின்பு அவளைக் கேளாமலே அவளுடைய வாழ்க்கையிற் பாதியை எடுத்து எமது நாயகிக்குக் கொடுத்தவரும் நாமே. மூவாயிரம் பேரைத் திருப்திப்படுத்துவதற்காக மீதிப் பாதியையும் பொய்யாக்கிவிட்டோம். யதார்த்தம், யதார்த்தம் என்று வகுப்பறையிலே முழங்கியவருக்கு இதைவிடத் தண்டனை வேறென்ன வேண்டும்?

இணையத்திலே எழுதியதை அழிப்பது மிகச் சுலபம். இரவோடிரவாகத் திருமணத்தை நீக்கிவிட்டால் கேட்பாரில்லை. நாம் அவ்வாறு செய்யவில்லை. “இத்திருமணம் வாசகர் விருப்பத்துக்காக நாம் புனைந்தது, எமது நாயகியின் வாழ்க்கை இதுவன்று” என்று அறிவித்து, அப்பகுதிகளை விட்டுவைத்து, பேருந்துப் பயணத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினோம். இம்முறை மாணவியின் அனுமதியைக் கேட்டோம். “என் பேரையும் கம்பனிப் பேரையும் போடாதீங்க சேர்” என்றாள். ‘டாகட்’ என்று அவர்கள் வழங்கும் மணித்தியால இலக்கைப் பற்றியும், ஒரே போடிங் அறையிலே முறைவைத்து உறங்குவதைப் பற்றியும், சம்பள நாளன்று வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவதென ஆறு பேரும் கூடியிருந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றியும் அவளே எமக்குக் கற்பித்தாள். ஆசிரியரும் மாணவியும் இடம் மாறிக்கொண்டோம்.

மூவாயிரம் நானூறாகச் சுருங்கியது. கோபித்து எழுதியோரும் உண்டு. ஆனால் அந்த நானூறு பேரிற் சிலர், “எங்கள் அறையிலும் இப்படித்தான்” என்று தம் அனுபவத்தை எழுதத் தொடங்கினர். ஒருத்தி தானே ஒரு தொடரை ஆரம்பித்திருக்கிறாள். எழுத்துப் பிழைகள் மலிந்த அத்தொடரிலே, எமது நாவலில் இல்லாத உயிர் இருக்கிறது.

வாசகர் குரலைக் கேளாதிருப்பது எழுத்தாளனுக்குப் பெருமையன்று. எந்த வாசகரின் குரலை என்பதே கேள்வி. எண்ணாகத் தெரியும் மூவாயிரம் பேரும் எமக்கு அந்நியரல்லர். களைத்த மனம் இனிய முடிவொன்றை வேண்டுவது குற்றமுமன்று. ஆனால் யாருடைய வாழ்க்கையை எடுத்து எழுதுகிறோமோ, அவர்களுக்கே நாம் முதலிற் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சென்ற வாரம் அவளிடமிருந்து மறுபடியும் செய்தி வந்தது. “அடுத்த பகுதி எப்போது, சேர்?” இம்முறை அக்கேள்வி எம்மை மயக்கவில்லை. “நீ வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு” என்று பதில் எழுதினோம்.