பழைய பேரிங் சொல்லும் பாடம்

ஓடும் லாரியில் பின்சக்கரம் கழன்றால் டிரைவருக்கு மட்டுமா ஆபத்து? எதிரே வருகிறவருக்கும்தான். அதற்குக் காரணமாகிற சின்னப் பொருள்களில் ஒன்று ஹப் பேரிங்.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் படிப்புக்கென்று வெளியே வந்த முதல் ஆள் நான். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் அப்பா ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோவார். ஒன்று மட்டும் கொதித்தால், "பேரிங் போகுதுடா கண்ணு" என்பார்.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் சூடேறும். ஆகவே முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தாலோ, சுற்றினால் கரகரத்தாலோ பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஆக்சில் ஷாப்டை உருவி, நட்டுகளைக் கழற்றி, ஹப்பை இழுத்தால் உள்ளே இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். பழையதை உடனே தூக்கி எறியாதீர்கள்! மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். நீலம் பூத்திருந்தால் கிரீஸ் பற்றவில்லை, அல்லது நட்டு இறுக்கம் அதிகம். செதில் பெயர்ந்திருந்தால் ஓவர்லோடோ, உழைத்த களைப்போ. துருப்பிடித்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலைப் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

கோனோடு கப்பையும் மாற்ற வேண்டும். புது சீல் போட்டு, ரோலர்களுக்கிடையே கிரீஸ் திணித்து, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, மேனுவல் சொல்லும் அளவு தளர்த்திப் பூட்ட வேண்டும். போன லீவில் அந்த அளவை நான் படித்துச் சொன்னேன். இங்கிலீஷ் தெரியாத அப்பா ஸ்பேனரைத் திருப்பினார்.

தோழர்களே, கையறிவு உள்ளவர்களிடம் கற்போம். அவர்களுக்குப் படித்துச் சொல்லவும்தான் நமக்கு இந்த டிப்ளமோ.