நாராவில் மை வாங்கினேன்

என் கணவரின் உத்தியோக நிமித்தம் ஜப்பானில், ஒஸாகா நகரில், சில காலம் குடித்தனம் நடத்த நேர்ந்தது. அவர் ஆபீஸ் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், மத்தியான வேளைகளில் மனசு கனத்துப் போகும். அப்போது கை கொடுத்ததுதான் 'ஸுமி-எ' என்ற மைச் சித்திரம். கறுப்பு மை, தண்ணீர், தூரிகை, காகிதம் – அவ்வளவுதான். வர்ணம் தேவையில்லை.

மை வாங்க நாராவுக்குப் போனேன். ரயிலில் முக்கால் மணி நேரம்தான். 710-ல் ஜப்பானின் தலைநகரான ஊர். பெரிய புத்தரையும், பூங்காவில் தைரியமாகக் கிட்டே வந்து தீனி கேட்கும் மான்களையும் பார்க்கக் கூட்டம் வருகிறது. மைக்கட்டிக்கும் பேர்போன ஊர் இது. 1577-ல் தொடங்கிய 'கோபைஎன்' என்ற மைக்கடை இன்றும் நடக்கிறது. எண்ணெய் விளக்கேற்றி, மேலே மண்மூடி வைத்து, புகைக்கரியைப் பிடிக்கிறார்கள். அட, நம்ம பாட்டி கண்மை செய்வாளே, அதே மாதிரி! கரியோடு மிருகத் தோலிலிருந்து காய்ச்சிய பசையும் வாசனைப் பொருளும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி, சாம்பலில் வைத்து மெதுவாக உலர்த்துகிறார்கள். வெயில் நாளில் பசை கெட்டுவிடுமாம். அதனால் குளிர்காலத்தில்தான் வேலை.

கற்றுக் கொடுத்தவர் எங்கள் தெருவிலிருந்த வயதான அம்மாள். அவர் பாஷை எனக்குப் பத்து வார்த்தைகூடத் தெரியாது. கையைப் பிடித்தே சொல்லித் தந்தார். முதல் பாடம் மை உரைப்பது. குழந்தைக்கு உரை மருந்து உரைப்போமே, அப்படித்தான். கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல், அவசரப்படாமல் உரைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் மனசும் அடங்கிவிடுகிறது.

அடுத்தது மூங்கில். தூரிகை முழுவதும் வெளிர் மை, நுனியில் மட்டும் கறுப்பு மை. தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையை மேஜையில் ஊன்றாமல், கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி எடுத்தால் ஒரு கணு. நுனியை அழுத்தித் தூக்கினால் ஓர் இலை.

சமையலில் உப்புக் குறைந்தால் சேர்த்துக் கொள்ளலாம். இதில் ஒரு கோடு போட்டால் போட்டதுதான்! காகிதம் மையை உடனே உறிஞ்சிவிடும். அழிக்கவும் முடியாது, மேலே பூசவும் கூடாது. சரியில்லையா? இன்னொரு காகிதம் எடுத்து மறுபடி போடு என்பதுதான் அந்த அம்மாளின் பாடம். மூங்கிலைச் சுற்றி இருக்கும் வெற்றிடத்தையும் நிரப்பக் கூடாதாம். அதுவும் படத்தில் சேர்த்திதான்.

அங்கே தாய்மார்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் பெரிய ஓவியர் ஸெஷ்ஷூ, சிறுவனாக மடத்தில் இருந்தபோது, பாடத்தை விட்டுப் படம் போட்டதற்காகத் தூணில் கட்டி வைத்தார்களாம். தரையில் சிந்திய கண்ணீரைக் கால் விரலால் தொட்டு அவன் வரைந்த எலி, நிஜ எலி போலவே இருந்ததாம்!

கற்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். தூரிகையைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் அலசித் தொங்கவிடுங்கள். மைக்கட்டியை ஈரத்தோடு வைத்தால் வெடித்துவிடும், துடைத்து வையுங்கள். கல்லில் பழைய மை காய விடாதீர்கள். தினம் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.